மகளிடம் கேட்ட கேள்விகள்

மகளைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி என் கணவர் கோர்ட்டில் மனுப் போட்டபோது அவளுக்கு ஏழு வயது. எண்பதுகளின் நடுப்பகுதி. நான் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர். அவர் அரூரில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். நாங்கள் பிரிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"சட்டம் அப்பாவத்தான் மொதல்ல சொல்லுதுங்க டீச்சர். ஆனா ஜட்ஜு அத மட்டும் பாக்க மாட்டாரு. புள்ள எங்க இருந்தா நல்லதுன்னு பாப்பாரு" என்றார் என் வக்கீல்.

வழக்கு முடியும்வரை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனிக்கிழமைகளில் அவர் மகளை அழைத்துப் போகலாம் என்று உத்தரவானது. காலையில் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விடுவேன். சாயங்காலம் அவள் திரும்பி வந்து இறங்கும்போது முகத்தைப் பார்க்க மாட்டேன், கையைத்தான் பார்ப்பேன். புது வளையல் இருக்கும், இல்லையென்றால் ரிப்பன். யார் வாங்கிக் கொடுத்தது, என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று வீடு போய்ச் சேரும்வரை கேட்டுக்கொண்டே வருவேன். "ஒண்ணும் சொல்லலம்மா" என்பாள். அதை நான் நம்பியதே இல்லை.

அப்புறம் அவர் தரப்பிலிருந்து இன்னொரு தாள் வந்தது. பரீட்சைப் பேப்பர் திருத்தும் நாட்களில் நான் குழந்தையை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போகிறேன் என்று அதில் இருந்தது. உண்மைதான். இரண்டு நாள் அப்படிச் செய்தேன், வேறு வழி தெரியாமல். ஆனால் அது எனக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்கு அவளை எதிரில் உட்கார வைத்து, "அப்பாகிட்ட என்ன சொன்ன?" என்றேன்.

"நான் சொல்லலம்மா."

"பொய் சொல்லாத."

அவள் அழவில்லை. எழுந்து போய்ப் பாயை விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் இருக்கும்போது நான் யாரோடும் எதுவும் பேசவில்லை. வக்கீலின் கடிதங்களைப் பள்ளியிலேயே வைத்துப் பூட்டினேன். ஏழு வயதுப் பிள்ளையை உளவாளி மாதிரி நடத்தினேன்.

விசாரணை நாளில் ஜட்ஜ் அவளை மட்டும் தன் அறைக்குள் கூப்பிட்டார். வராந்தாவின் ஒரு பக்கம் நான், எதிர்ப்பக்கம் என் கணவர். வெளியே வந்தபோது அவள் கையில் ஒரு பிஸ்கட் இருந்தது. அதன் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யார் பக்கமும் வராமல் நடுவில் இருந்த தூணருகே நின்று அதைத் தின்றாள்.

மதியம் என் வீட்டுக்காரம்மா அவருக்குச் சாட்சியாக வந்து நின்றதைப் பார்த்தேன். நான் வாடகைக்கு இருந்தது அந்த அம்மாவின் வீட்டில்தான்.

"பூட்டிட்டுப் போனத நான்தாங்க அவங்கப்பாகிட்ட சொன்னேன். சன்னல்கிட்ட புள்ள ஒத்தையா நின்னுச்சுங்க. பாவமா இருந்துச்சு" என்றார்.

என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. என் பெண் சொல்லவே இல்லை.

தீர்ப்பு வந்தது. மகள் என்னிடம் இருக்க வேண்டும். சனிக்கிழமைகளும் பள்ளி விடுமுறையில் பாதியும் அவருக்கு. குழந்தையைப் பூட்டிவைத்தது தவறு, ஆனால் அன்பில்லாமல் செய்தது அல்ல என்று ஜட்ஜ் எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் இருந்ததை வக்கீல் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"புள்ள சொன்னத எழுதியிருக்காருங்க. ரெண்டு வூட்லயும் கேள்வி கேக்கறாங்க, அதனால நான் எங்கயும் பேசறதில்லன்னு சொல்லியிருக்குது. இனிமே ரெண்டு பேரும் அடுத்த வூட்டப் பத்திப் புள்ளைகிட்ட கேக்கக்கூடாதுன்னு போட்டிருக்காரு."

அன்று சாயங்காலம் அவளிடம், "நீ சொல்லலன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சு போச்சு" என்றேன். "சரி" என்றாள். அவ்வளவுதான்.

அந்த முழுப்பரீட்சை லீவில் அரூர் போய்த் திரும்பினாள். நான் எதுவும் கேட்கவில்லை. நான்காம் நாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "அப்பா வூட்ல ஆடு குட்டி போட்டுச்சு."

"எத்தன குட்டி?"

அவள் நிமிர்ந்து என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அடுத்து என்ன கேட்கப் போகிறேன் என்று காத்திருந்தாள். நான் வேறு எதுவும் கேட்கப் போவதில்லை என்று தெரிந்த பிறகுதான், "ரெண்டு" என்றாள்.