மச்சான் பிடித்த பாரை

தீவில், கேம்பல் பே ஜெட்டியில் நானும் மச்சானும் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறோம். நீலகிரி ஓடையில் டிரவுட் மீனுக்குத் தூண்டில் வீச அவருக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். தெளிந்த தண்ணீரில் தடித்த தங்கூஸ் நரம்பைக் கண்டால் மீன் கிட்டே வராது என்பது என் பாடம். அதனால் நானே இறகு சுற்றிச் செய்த பொய்ப் பூச்சியை, டிரவுட்டுக்குக் கட்டும் மெல்லிய தங்கூஸிலேயே முடிந்திருக்கிறேன். மச்சானோ இங்கே கடையில் வாங்கிய முரட்டுத் தங்கூஸைக் கட்டியிருக்கிறார். துணி காயப்போடும் கொடி என்று காலையிலிருந்து கேலி செய்கிறேன்.

என் பூச்சியை ஒரு பாரை மீன் கவ்வுகிறது. ஒரே இழுப்பு. தங்கூஸ் அறுந்து, மீன் பூச்சியோடு போய்விடுகிறது.

பக்கத்தில் டீ விற்கும் அக்கா எட்டிப் பார்க்கிறார். “அரே, இவ்ளோ பத்லா தங்கூஸா? தையல் நூல் மாதிரி இருக்கே.”

“மெயின்லேண்ட்ல இதுலதான் பிடிப்போம்.”

“அங்க மீனெல்லாம் சாது போல.”

சற்று நேரத்தில் மச்சானின் தூண்டில் கோல் வில்லாக வளைகிறது. கொடி அறவில்லை. மேலே வந்து விழுந்த பாரையின் உதட்டில், அவருடைய முள்ளுக்குப் பக்கத்திலேயே என் இறகுப் பூச்சி!

“அப்ப பாதி மீன் உங்களோடதுதான் அண்ணா” என்று அக்கா தேற்றுகிறார். அறுந்த தங்கூஸைச் சுருட்டிப் பைக்குள் திணிக்கிறேன்.

மச்சான் மீனை மார்போடு அணைத்தபடி செல்போனை நீட்டுகிறார். “ஒரு போட்டோ எடுங்க மாப்ள.”

பொறுமையாக எடுக்கிறேன். படத்தில் பாரை முழுதாக இருக்கிறது. என் பூச்சி பளிச்சென்று தெரிகிறது. மச்சானுக்குத் தலை இல்லை.