சயாமிலிருந்து வந்த ஏழு விதைகள்

கடவுள் புதுப் பூ ஒன்றைப் படைத்தால், எங்கள் ஊர் காஜா பெராங்கில் இருந்த சாரதாம்பாள் அக்காவிடம் காட்டிப் பெயர் கேட்டுக்கொண்டுதான் பூமிக்கு அனுப்புவார். கோயில் வாசலில் பூக்கட்டி விற்கும் அக்காவுக்கு இலை நுனி போதும். பூ, காய், விதை எல்லாம் சொல்லிவிடுவார். பக்கத்து வீட்டுக்காரியான நான் அவரை ஏமாற்றுவதையே தொழிலாக வைத்திருந்தேன். ஒருநாள் செம்பருத்திக் காம்பில் அரளி இதழ்களைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி, "பினாங்குப் பூ, அக்கா!" என்று நீட்டினேன்.

"அப்படியா ஜெயா? பினாங்குல பூவுக்குச் சோறு போட்டா வளக்குறாங்க?"

அந்த அக்காவுக்கே பெயர் தெரியாத ஏழு விதைகள் வந்து சேர்ந்தன. ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனவர்களில் அக்காவின் புருஷன் சேதுபதியும் ஒருவர். சண்டை முடிந்து, உடன் போனவர் ஒருவர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார். காய்ச்சலில் சேதுபதி போய்விட்டதாகச் சொல்லி, சேதுபதி தன் வேட்டி முனையில் முடிந்து வைத்திருந்ததைக் கொடுத்தார். கறுப்பு விதைகள், முதுகில் வெள்ளைக் கோடு. கடிதமில்லை, சாம்பலில்லை. சேதுபதி என்று மிஞ்சியது அவ்வளவுதான்.

அக்கா முகர்ந்தார், நாக்கில் வைத்தார். தெரியவில்லை. தூரத்து ஊரான புக்கிட் ரம்பாய் வரை நடந்து போய்க் காட்டினார். ஒருவருக்கும் தெரியவில்லை.

"கண்ண மூடுறதுக்கு முன்னாடி என்ன பூவப் பாத்தாரு? அது தெரிஞ்சாப் போதும்டி."

மூன்றை விதைத்தார், அழுகின. ஊறவைத்து இரண்டை விதைத்தார்; எறும்பு கொண்டுபோயிற்று. மிச்சம் இரண்டு. அக்கா பூ விற்கப் போவதை நிறுத்தினார், பிறகு சாப்பாட்டையும். நான்தான் தினமும், "போடுக்கா, காஞ்சு வீணாப் போயிரும்" என்று நச்சரித்தேன். கடைசியில் ஒரு பால் டின்னில் மண்ணை நிரப்பி, போட்டுவிட்டேன் என்றார். இருபது நாள் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். மண் மண்ணாகவே கிடந்தது.

"பாக்காமயே நானும் போயிருவேன் போல" என்றபோது, டின்னில் எதையாவது முளைக்க வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அக்காவுக்குத் தெரியாத செடிக்கு எங்கே போவது? ஹர்த்தால் அன்று ஊரே கடையைச் சாத்திக் கிடந்தது. உஜோங் பாசிர் கடலோரம் வரை நடந்து, மணலில் பெயர் தெரியாமல் நின்ற ஒரு நாற்றைப் பெயர்த்து வந்தேன். அக்கா கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து டின்னில் நட்டு, மண்ணைத் தடவிவிட்டேன்.

"அக்கா! மொளச்சிருச்சு!"

ஓடி வந்தார். குனிந்து, வெகுநேரம் பார்த்தார்.

"வேரு ஒடியாம நல்லாத்தான் நட்டிருக்க."

"நானா? நான் எதுக்குக்கா..."

"ஒன் தொல்ல தாங்காமத்தான் போட்டேன்னு சொன்னேன். போட்டு, அதுவும் மொளைக்காட்டி, அவரு எனக்கு ரெண்டாந்தடவ செத்துப் போவாருடி. எப்படிப் போடுவேன்?" ஈரக் கையால் என் காதைப் பிடித்தார். திருகவில்லை. "வெறும் மண்ணுல என்னடி மொளைக்கும்? சொல்லு, எங்கேருந்து பிடுங்குன?"