சுண்ணாம்புச் சுவர்கள்

பழைய சரக்குக் கிட்டங்கிக்குள் அன்று நின்றவர்கள் என் தகப்பனான அப்புவும், பட்டினசபைப் பரிசோதகரும், நானும். பங்காளியான சித்தப்பா வரவில்லை. நடுவில் வேலி இல்லாமல் சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் யார் குடியிருப்பார்கள் என்பது அவர் கேள்வி.

பாய்க்கப்பல் வியாபாரம் படுத்தபின் வெறுமையாய்க் கிடந்த கிட்டங்கி அது. அதைக் குடிமனையாக்கச் சபை இணங்காவிட்டால் வந்த விலைக்கு விற்க வேண்டியதுதான். அப்புவுக்கு வரைபடம் விளங்காது. அதனால் உள்ளே கட்ட நினைத்த நாலு வீடுகளையும் தரையிலேயே சுண்ணாம்பால் கீறியிருந்தேன்.

பரிசோதகர் ஒரு கோட்டைத் தாண்டிக் காலை வைத்தார்.

“ஐயா, அது சுவரெல்லோ! வாசல் உந்தப் பக்கம்,” என்றார் அப்பு.

பரிசோதகர் சிரிக்கவில்லை. திரும்பிப் போய் வாசலால் வந்தார், நிலையில் தலை இடிக்கும் என்பதுபோலக் குனிந்து. வெறும் கோடுகள் மேல் வீடு எழுந்து நின்றது.

அடுப்படியில் நின்று கேட்டார்: “புகை எங்காலை போறது? நடுவிலை ஆள் நடக்க ஒரு ஒழுங்கை விடுங்கோ, காத்து வரட்டும். அனுமதி தாறன்.”

“ஓம் ஐயா. ஒழுங்கை வந்தால் வேலி வரும், வேலி வந்தால் தம்பியும் வருவான்,” என்றார் அப்பு.

அந்த அனுமதிக்காக எங்களுக்குப் போனது சபைக்குக் கட்டிய பத்து ரூபாயும், ஒழுங்கைக்காக விட்ட, நாலில் ஒரு வீடும்.