சூடாக இருந்த கால்

என் அக்காவின் கணவர் முடிதிருத்துபவர். நான் அவரை மாமா என்பேன். கடைக்கு வருகிறவர்கள் 'வாய்க்கத்திரி' என்பார்கள். கையிலிருக்கும் கத்திரி நின்றாலும் அவர் வாய் நிற்காது. "எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் எங்கிட்ட தலை குனிஞ்சுதான் ஆகணும்" என்பார். அதைச் சொல்லாமல் அவர் யாருக்கும் பிடரியை மழித்ததில்லை.

கொரோனா வந்தபோதும் அலட்டிக்கொள்ளவில்லை. மாடி அறையில் படுத்துக் கிடந்தார், காய்ச்சல் விட்டது, கடையைத் திறந்துவிட்டார். கொஞ்ச நாளில் இடது கெண்டைக்கால் வீங்கியது. டாக்டரிடம் காட்டலாம் என்றேன்.

"நிக்கிற பொழப்புடா மாப்ளே. கால் வீங்காம மூக்கா வீங்கும்?"

கடையில் வேலை செய்கிற மற்றவர்களுக்கும் சாயங்காலமானால் கால் வீங்கும். ஆனால் அவர்களுக்கு இரண்டு காலும் வீங்கும், இவருக்கு ஒன்றுதான். அது எங்கள் மரமண்டைகளில் உறைக்கவில்லை. அக்கா தினமும் அந்தக் காலை மடியில் போட்டுக்கொண்டு, எண்ணெய் தடவி அமுக்கிவிட்டாள். நாளெல்லாம் அடுத்தவர் கழுத்தைப் பிடித்துவிட்டு வருகிறவருக்கு அந்தக் கொஞ்ச நேரம்தான் சொகுசு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா அமுக்கி முடித்ததும், "இப்ப லேசா இருக்கு" என்று எழுந்தார். தண்ணீர் குடிக்கப் போனவர் மூச்சு முட்டி, சுவரைப் பிடித்தபடியே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். காப்பாற்ற முடியவில்லை.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். கொரோனா நுரையீரலோடு விடுவதில்லையாம். ரத்தக்குழாயின் உள்சுவரையும் புண்ணாக்குமாம். காய்ச்சல் விட்ட பிறகும் சிலருக்கு உள்ளே ரத்தம் உறைந்து கட்டியாகுமாம். மாமாவுக்குக் காலில் உறைந்த கட்டி மேலே போய் நுரையீரலை அடைத்துவிட்டது.

"வீங்கின காலை யாராவது அமுக்கிவிட்டீங்களா?"

அக்கா வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"இல்ல டாக்டர்."

அவர் அக்காவின் கைகளைப் பார்த்தார். எண்ணெய் இன்னும் மினுமினுத்தது. "அமுக்காட்டியும் அது தானா நகர்ந்திருக்கலாம்மா" என்றார். அந்த மனுஷிக்குக் கோயில் கட்டலாம். ஆனால் அக்கா அதைக் காதிலேயே வாங்கவில்லை.

எல்லாம் முடிந்து வீடு வெறிச்சோடிய பிறகு கேட்டாள். "ஏன்டா இல்லைன்னு சொன்னே?"

தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் அதைத் தொடவில்லை.

"கால் சூடா இருந்துச்சுடா. காய்ச்சல்தான் விட்டுடுச்சே, இது மட்டும் ஏன் சுடுதுன்னு நெனச்சேன். ரொம்ப வலி போலன்னு அன்னைக்கு இன்னும் நல்லா அழுத்திட்டேன்." கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். "நீ சொல்லியிருக்கணும். அந்தம்மாவாவது என்னைத் திட்டியிருப்பாங்க."