ஒதுக்கி வைத்த இரண்டு பைகள்

விக்கிரவாண்டியைச் சேர்ந்த கிளாரா, 2009இல் விழுப்புரத்தில் நடராசன் நடத்திவந்த சிறிய மென்பொருள் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். திண்டிவனத்து ரத்த வங்கி ஒன்றைச் சுற்றுவட்டார மருத்துவமனைகளோடு இணைக்கும் புரோகிராமை எழுதியவள் அவள்தான்.

மருத்துவமனைக் கம்ப்யூட்டர் ரத்தம் கேட்கும். வங்கிக் கம்ப்யூட்டர் பையை ஒதுக்கும். ஒதுக்கீடு நடந்தால் இரண்டிலும் பதிவாக வேண்டும், ரத்தானால் இரண்டிலும் ரத்தாக வேண்டும். அதற்கு, இரண்டு கம்ப்யூட்டர்களும் ஒரே கோரிக்கையை அடையாளம் காண, அதனோடு ஒரு பரிவர்த்தனை எண்ணும் வங்கிவரை போக வேண்டும். கிளாரா அதை அனுப்பவில்லை. திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். பதினான்கு மாதம் எதுவும் ஆகவில்லை.

2011இல் ஒரு மழைநாள். ஒரு மருத்துவமனை ஓ நெகட்டிவ் இரண்டு பை கேட்டது. பதில் வருவதற்குள் லைன் அறுந்தது. அங்கே கோரிக்கை ரத்தாகி, நோயாளியைப் புதுச்சேரிக்கு அனுப்பிவிட்டார்கள். வங்கிக் கம்ப்யூட்டருக்கு அது தெரியவில்லை. அதன் திரையை நம்பி, இருந்த இரண்டு பைகளையும் ஊழியர்கள் அந்த நோயாளிக்கென்று எடுத்து வைத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து, பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காத கிருஷ்ணவேணிக்காக வேறொரு மருத்துவமனை அதே ரத்தம் கேட்டபோது 'இருப்பு இல்லை' என்று திரையில் வந்தது. சாயங்காலம் அவள் இறந்தாள். குழந்தை பிழைத்தது.

பைகளை யாரும் வாங்க வரவில்லை, ரத்தம் கிடைக்காத ஒருத்தி இறந்துவிட்டாள் என்று மறுநாள் வங்கியிலிருந்து போன் வந்தது. பதிவுகளைத் திறந்த கொஞ்ச நேரத்திலேயே, தான் அனுப்பாமல் விட்ட எண்தான் காரணம் என்று கிளாராவுக்குப் புரிந்துவிட்டது.

"லைன் போச்சுன்னு எழுதி அனுப்பிடும்மா," என்றார் நடராசன். "அதுவும் நெசந்தான?"

"லைன் எப்பவும் போவும் சார். போனா என்ன ஆவணும்னு எழுதறதுக்குத்தான் நான் இருக்கேன்."

பிழையைத் திருத்தி முடித்ததும், கிருஷ்ணவேணியின் கணவர் விருத்தாசலத்தைத் தேடி வல்லத்துக்குப் போனாள். வாசலிலேயே நின்று சொன்னாள். "ரத்தம் இருந்துச்சுங்க. நான் எழுதுனதுதான் இல்லன்னு காட்டிடுச்சு."

அவர் திண்ணையில் உட்கார்ந்தார். "எங்கியும் கெடைக்கலன்னு நெனச்சி மனச தேத்திக்கினு இருந்தேன்," என்றார். "அதையும் எடுத்துக்கினு போக வந்தியாம்மா?"

உள்ளே குழந்தை அழுதது. அவர் எழுந்து போனார், திரும்பி வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவரே அலுவலகத்துக்கு வந்தார். "அன்னிக்கிச் சொன்னத பேப்பர்ல எழுதிக் குடுப்பியா?"

நடராசன் பார்த்துக்கொண்டிருக்க, கிளாரா எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்றோடு வேலை போனது. ஊரில் வேறு யாரும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்தக் கடிதத்தை வைத்து விருத்தாசலம் போட்ட வழக்கு ஆறு வருடம் நடந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய் நின்றாள். மென்பொருள் தவறு என்று தீர்ப்பு வந்தபோது விருத்தாசலம் அவளைத் தாண்டி நடந்தார். பள்ளிச் சீருடையில் இருந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார்.