மெயின் சுவிட்சைப் பற்றி நான் கேட்கவில்லை

1. பளிச்சென்று வந்த டெஸ்ட் பேஜ்

நெட்வொர்க் பிரிண்டர் வைக்க நான் தனியாகப் போன முதல் இடம் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு ஏற்றுமதி ஆபீஸ். கீழே குடோன், மாடியில் நாலு கம்ப்யூட்டர். ரவுட்டர் பிரிண்டருக்கு 192.168.1.6 என்று நம்பர் கொடுத்தது. அதையே நாலு கம்ப்யூட்டரிலும் போட்டேன். டெஸ்ட் பேஜ் பளிச்சென்று வந்தது. அங்கே வேலை பார்க்கும் லீலா சேச்சியிடம் "இனி இது எதுக்கு சேச்சி?" என்று பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரையும் கழற்றி, அன்றைக்கே யாருக்கோ கொடுக்க வைத்தேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு!

2. பன்னெண்டு மணிக்குள்

மறுநாள் பத்தரைக்கு போன். ஷிப்பிங் பேப்பர் பார்க்கும் லீலா சேச்சி.

"மோளே, ஒண்ணுமே பிரிண்ட் வரல்லே. இன்வாய்ஸ் பன்னெண்டுக்குள்ள ஏஜென்ட் கையில கிடைக்கணும். இல்லேன்னா கண்டெய்னர் கப்பல் ஏறாது. ஓடி வா!"

பள்ளுருத்தியிலிருந்து ஆட்டோவில் போனேன். கேபிள் சரி, டோனர் சரி, பச்சை லைட்டும் எரிகிறது. முதலாளி பின்னாலேயே நின்று வாட்சைப் பார்க்கிறார். கடைசியில் பிரிண்டரிலேயே பட்டனை அழுத்தி, அதன் செட்டிங் எல்லாம் அச்சாகும் கான்ஃபிகரேஷன் பேஜ் எடுத்தேன். அதில் நம்பர் 192.168.1.2.

"நேத்து போறப்போ என்ன பண்ணீங்க சேச்சி?"

"எப்பவும் போல மெயின் ஆஃப் பண்ணிப் பூட்டினோம். கீழே சாக்கும் மிளகும் கிடக்கே, தீப்பிடிச்சா? இந்தத் தெருவுல எல்லா குடோன்லயும் அப்படித்தான். நீ பக்கத்து ஊருதானே, தெரியாதா?"

தெரியும். ஆனால் யோசிக்கவில்லை. காலையில் மெயின் போட்டதும், சுவிட்ச் ஆனிலேயே இருந்த பிரிண்டர் கம்ப்யூட்டர்களுக்கு முன்னால் எழுந்து, ரவுட்டர் தனக்கு வைத்துக்கொண்ட ஒன்றுக்கு அடுத்த நம்பரை வாங்கிக்கொண்டது. கம்ப்யூட்டர்கள் பழைய ஆறாம் நம்பரையே தேடிக்கொண்டிருந்தன.

மாறாத நம்பர் ஒன்றைப் பிரிண்டரிலேயே போட்டு, நாலு கம்ப்யூட்டரிலும் மாற்றினேன். பதினொன்றரைக்கு இன்வாய்ஸ் வந்தது. சேச்சி சூடு ஆறாத பேப்பரோடு படியிறங்கி ஓடினார்.

3. முதலாளி வைத்த டெஸ்ட்

"மெஷினுக்கு ஏதாவது கேடா?" என்றார் முதலாளி.

கரண்ட் மேல் பழி போடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. "இல்ல முதலாளி. நான்தான் மாறாத நம்பர் வைக்காம போயிட்டேன். தப்பு என்னோடது."

அவர் திட்டவில்லை. எல்லாக் கம்ப்யூட்டரையும் மூடச் சொல்லி, மெயினை ஆஃப் பண்ணினார். ஃபேன் நின்றது. மறுபடி போட்டார். "இனி எடு."

பிரிண்டர் உறுமிக்கொண்டே நின்றது. பேப்பர் வந்ததும் அவர் எடுத்துப் பார்த்து, "சரி, சாயா குடிச்சிட்டுப் போ" என்றார்.

அதிலிருந்து பெட்டியைப் பிரிக்கும் முன்னாலேயே, "கடைசியா பூட்டறது யாரு, எதையெல்லாம் ஆஃப் பண்ணுவாங்க?" என்று கேட்டுவிடுவேன். கிளம்பும் முன் அவர்களையே மெயினை அணைத்துப் போடச் சொல்வேன். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் முதல் பேப்பர் வரும் வரை நான் டூல் பையை மூடுவதில்லை.