பூங்காவுக்கு வந்த சிக்னல்

"ஒயர்" என்றால்தான் அவரை ஊருக்குத் தெரியும். பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்துக் கிடந்தது. வீடு வீடாகப் போய் இணைய இணைப்புக் கொடுப்பது அவர் தொழில். எங்கே இணைப்பு நின்றாலும் கம்பெனியைத் திட்ட மாட்டார், மழையைத் திட்ட மாட்டார், முதலில் தன் கையைத்தான் சந்தேகப்படுவார். போட்ட ஒயர் முனையை வெட்டியெறிந்துவிட்டு மறுபடி போடுவார். "ஊர்ல நடக்கிற தப்பெல்லாம் உங்க கையாலதான் நடக்குதா?" என்று மனைவி கேலி செய்வாள்.

அந்த மனைவி இப்போது ஆஸ்பத்திரியின் மேல்மாடியில், தொண்டையில் குழாயோடு படுத்திருந்தாள். பேச்சு நின்று போயிற்று. பாதி நாள் மயக்கம். உள்ளே யாரையும் விடமாட்டார்கள். அவள் கண் திறக்கிற சமயம் பார்த்து அந்த வார்டு நர்ஸ் வீடியோவில் கூப்பிடுவாள். இவர் முகத்தைக் கண்டால் அந்தக் கண்கள் கொஞ்ச நேரம் மூடாமல் இருக்கும். இருபக்கமும் பேச்சில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவருக்கு மிஞ்சியிருந்த குடித்தனம் அவ்வளவுதான்.

அதற்கும் வந்தது கேடு. நோயாளிகளின் சொந்தக்காரர்கள் எல்லோரும் எதிரிலிருக்கும் பூங்காவில்தான் காத்திருக்க வேண்டும். மருந்து வாங்கிவரச் சொல்லி எந்த நேரத்திலும் ஆள் வரும், அப்பால் போகவும் முடியாது. பூங்காவோ பள்ளத்தில் இருந்தது. போனை எந்தப் பக்கம் திருப்பினாலும் சிக்னல் வராது. மேட்டிலிருக்கும் பஸ் நிறுத்தத்துக்கு ஏறினால் வரும். அங்கே சும்மா நின்றால் போலீஸ்காரர் விரட்டுவார். ஆகவே எல்லோரும் ஏறிப்போய்ப் போனைப் பார்ப்பதும் இறங்கி வருவதுமாக இருந்தார்கள். ஒயர் கீழே இருக்கும்போது அவள் கண்ணைத் திறப்பாள். அவர் மூச்சு வாங்க மேலே ஏறி நிற்கும்போது மூடிவிடுவாள்.

பூங்காவிலேயே வைஃபை வைத்துவிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. தச்சனாக இருந்தால் பெஞ்சு போட நினைத்திருப்பார். கம்பெனி வைஃபைப் பெட்டியை இனாமாகவே கொடுத்தது. நகராட்சியின் அனுமதி ஒன்றுதான் பாக்கி. அந்த "ஒன்றுதான்" ஆளைக் கொன்றுவிட்டது. பூங்காப் பிரிவு மரப் பிரிவைக் கைகாட்டியது. மரப் பிரிவு, "கம்பத்துல வைக்கறதுக்கு நாங்க என்ன சொல்றது? விளக்குப் பிரிவுல கேளுங்க" என்றது. நடையாய் நடந்தார். அங்கிருந்த அதிகாரிகள் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதுதான் எரிச்சல். கெட்டவனாயிருந்தால் சண்டையாவது போடலாம். இவர்கள் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, நாளைக்கு வரச் சொன்னார்கள்.

கடைசியில் விளக்குப் பிரிவுப் பெரியவர் ஒருவர் மனம் இரங்கினார்.

"தனி லைன் கேட்டீங்கன்னா ஆயுசுக்கும் கிடைக்காது. விளக்குக் கம்பத்துல இருந்தே கரண்ட் எடுத்துக்கிறதா எழுதிக் கொடுங்க. நானே கையெழுத்துப் போடறேன்."

"ரொம்ப உபகாரம் சார். என் சம்சாரம் மேல படுத்திருக்கா."

"தெரியும்ப்பா. போட்டுடலாம்."

அந்தப் பெரியவர் ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. விளக்குப் பிரிவில் அது குழந்தைக்கும் தெரிந்த சங்கதி, எடுத்துச் சொல்ல வேண்டும் என்றே யாருக்கும் தோன்றாது.

ஒரு சாயங்காலம் இருட்டுகிற வேளையில் அந்தப் பிரிவின் ஆள் வந்து கம்பத்தில் பிளக் பாயிண்ட் வைத்து, பல்பு மாட்டி எரியவிட்டுக் காட்டிவிட்டுப் போனான். ஒயருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று வீட்டில் பெட்டியைத் தன் போனோடு இணைத்துப் பழக்கி வைத்தார்.

மறுநாள் காலையில் இணைய ஒயரைக் கம்பம்வரை இழுத்து, ஏணி போட்டுப் பெட்டியை மாட்டினார். பெட்டிக்கு உயிர் வரவில்லை. கரண்ட் இருப்பதைத்தான் நேற்றே தன் கண்ணால் பார்த்தாயிற்றே, அப்புறம் குறை யார் மேல்? முனையை வெட்டி மறுபடி போட்டார். அடாப்டரை மாற்றினார். கடைக்கு ஆள் அனுப்பி வேறு வாங்கினார். பெட்டியைப் பிரித்துத் துடைத்துச் சேர்த்தார். கீழே நின்றவர்கள், "விடுங்கண்ணே, சாப்பிட்டுட்டு வந்து பாருங்க" என்றார்கள். கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம், இது மட்டும் சரியாகிவிட்டால் இனி அந்த மேட்டில் ஏறவே வேண்டாம் என்ற வெறி. அன்று பஸ் நிறுத்தத்துக்கு ஒரு தடவைகூட அவர் ஏறவில்லை.

பொழுது சாய்ந்தது. பூங்கா விளக்குகள் எல்லாம் தாமாக எரிந்தன. அதே நொடியில், யாரும் தொடாமலே, பெட்டியில் பச்சை விளக்கு வந்தது.

அப்போதுதான் ராத்திரி வேலைக்கு வந்து ஏணியைப் பிடித்த பூங்காக் காவலாளி சிரித்தார். "அட, இதுக்குத்தானா இவ்வளவு பாடு? பகல்ல இந்தக் கம்பத்துல கரண்டே வராதுங்க. இருட்டினாதான் வரும். யாரும் சொல்லலையா?"

ஒயர் பதில் சொல்வதற்குள் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நிற்காமல் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். எல்லாம் நர்ஸ் அனுப்பியவை.

"அண்ணா, அக்கா முழிச்சிட்டாங்க. வீடியோல வாங்க."

"இன்னிக்கு நல்லா தெளிவா இருக்காங்க. சீக்கிரம் வாங்க."

"போனையே பாத்துட்டு இருக்காங்க. எங்க இருக்கீங்க?"

"ரொம்ப நேரம் பாத்தாங்க அண்ணா."

"டாக்டர் உங்களை மேல வரச் சொல்றார்."

சொந்தக்காரர்களை அந்த மாடிக்கு எதற்காகக் கூப்பிடுவார்கள் என்று பூங்காவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் போனை யாரும் பார்க்கவில்லை. பச்சை விளக்கைப் பார்த்த சந்தோஷத்தில் ஓடி வந்து ஆளாளுக்குப் போனை நீட்டினார்கள். "அண்ணே, எனக்கும் சேத்து விடுங்கண்ணே." "எனக்கு முதல்ல, என் மகன் கூப்பிடற நேரம்." நீட்டிய கைகளை விலக்கிக்கொண்டு அவர் ஓடினார். செருப்பு ஒன்று கழன்று புல்லிலேயே கிடந்தது.

அவர் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மருந்து நெடியடித்த நடைபாதையில் நர்ஸ் நின்றிருந்தாள். அவள் முகம் வீங்கியிருந்தது.

"எங்கண்ணா போயிட்டீங்க? எவ்வளவு கூப்பிட்டேன்."

அவர் மூச்சிரைக்க அவளைப் பார்த்தார். கையில் இன்னும் வெட்டிப்போட்ட ஒயர்த்துண்டு இருந்தது.

"எங்கேயும் போகலைம்மா. இங்க எதிர்லதான் இருந்தேன்" என்றார்.